கருங்கல்லில் பூக்கும் சோன்கி

மும்பையிலிருந்து சென்னைக்கோ நாகர்கோவிலுக்கோ ரயிலேறும் தமிழர்களில் பெரும்பாலோர் போர் கணவாயைக் கடந்துதான் ஊருக்குப் போகிறார்கள். கர்ஜத் நிலையத்தில் வண்டிக்குப் பின்னால் கூடுதல் எஞ்சின்களைச் சேர்ப்பார்கள். அங்கிருந்து லோனாவாலா நோக்கிப் பாதை 37 அடிக்கு 1 அடி என்ற கணக்கில் ஏறுகிறது. 1863இல் திறக்கப்பட்ட இந்த மலைப்பாதையில் செப்டம்பர் மாதம் பயணம் செய்கிறவர்கள், ஒரு சுரங்கத்துக்கும் அடுத்த சுரங்கத்துக்கும் நடுவே, கறுத்த பாறைச் சரிவுகளில் மஞ்சள் பூக்கள் திரள்திரளாக நிற்பதைப் பார்க்கலாம். அந்த மஞ்சளில் பெரும்பங்கு சோன்கியுடையது.

சோன்கி என்பது மராத்தி மக்கள் வழங்கும் பெயர். தாவரவியலில் செனசியோ பாம்பேயென்சிஸ். ஆங்கிலேயர் ராக்வொர்ட் என்றும் கிரவுண்ட்செல் என்றும் அழைக்கும் செடிகளின் பேரினம் செனசியோ. உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இதில் உண்டு. நீலகிரி, பழனி மலைகளின் புல்வெளிகளிலும் சில இனங்கள் வளர்கின்றன. சோன்கியோ மேற்குத் தொடர்ச்சி மலையின் செடி. சஹ்யாத்ரி எனப்படும் அம்மலையின் மகாராஷ்டிரப் பகுதியில்தான் அது மிகுதி. கோட்டைச் சுவர்கள், மலைச்சரிவுகள், சத்தாரா அருகே உள்ள காஸ் பீடபூமி, மும்பை நகர எல்லைக்குள்ளேயே இருக்கும் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் குன்றுகள் எல்லாம் இதன் வீடுகள்.

பம்பாய் அஞ்சல் துறையில் உயர் பதவியில் இருந்த ஜான் கிரஹாம், வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் இந்நகரத்தையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த செடிகளுக்குப் பட்டியல் தயாரித்தார். 1839இல் அது அச்சாகிக்கொண்டிருந்தபோதே கண்டாலாவில் இறந்துபோனார். நண்பர் ஜோசப் நிம்மோ மீதி வேலையை முடித்தார். பின்னர் லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்த ஜோசப் ஹூக்கர் சோன்கிக்குக் கிரஹாமின் பெயரைச் சூட்டினார். இன்று வழங்கும் 'பாம்பேயென்சிஸ்' என்ற பெயரை அளித்தவர் இந்தியத் தாவரவியலாளர் என். பி. பாலகிருஷ்ணன்.

இச்செடியை மாட்டுங்காவின் பால்கனியிலோ தாராவியின் மாடிப் படிக்கட்டு ஓரத்திலோ வளர்க்க வேண்டுமானால், முதலில் ஒன்றை ஏற்றுக்கொள்ள வேண்டும். சோன்கி ஓராண்டுச் செடி. மழையோடு முளைத்து, மழை ஓயும்போது பூத்து, வெயில் ஏறும்போது மடிந்துவிடும். ரோஜாவையோ செம்பருத்தியையோ போல ஆண்டுக்கணக்கில் தாங்கிப் பிடித்து வளர்க்க முடியாது. இதைப் பேணுவது என்றால் இதன் விதையைப் பேணுவது. மண்ணும் நீரும் நிழலும் எவ்வளவு தர வேண்டும் என்பதைவிட, எதை எப்போது நிறுத்த வேண்டும் என்பதுதான் இங்கே முக்கியமான அறிவு.

எரிமலையின் பிள்ளைகள்

சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், இன்றைய மகாராஷ்டிரத்தின் பெரும்பகுதி எரிமலைக் குழம்பால் மூடப்பட்டது. அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய அந்தக் குழம்புதான் தக்காணப் பாறை. மும்பைக் கட்டடங்களுக்குள் போன கருங்கல்லும், ரயில் தண்டவாளங்களுக்கு அடியில் கொட்டப்படும் ஜல்லியும் அதே பாறையின் துண்டுகள். சோன்கி வளரும் சரிவுகளில் பல இடங்களில் இந்தக் கல்லின் மேல் விரற்கடை ஆழத்துக்குத்தான் மண் இருக்கும். ஜூலையில் அந்த மண் ஊறி வழிகிறது. அக்டோபர் வெயிலில் காய்ந்து வெடிக்கிறது. மரம் அங்கே வேரூன்ற முடியாது. பல்லாண்டு வாழும் புதர்களும் திணறும். நான்கு மாதத்தில் வாழ்க்கையை முடித்துக்கொண்டு விதையாக ஒதுங்கிவிடும் செடிக்கு மட்டும் அது நல்ல இடம். உயர்ந்த செடிகளின் நிழல் இல்லை, போட்டியும் குறைவு. பிறருக்கு வறுமையாக இருக்கும் இடத்தைத் தன் காலக்கணக்கால் வளமாக்கிக்கொண்ட செடி சோன்கி.

இதே பேரினத்தில் இன்னோர் எரிமலைச் செடியின் வரலாறு, ரயிலோடு பிணைந்த நம் நகரத்துக்கு மிகவும் நெருக்கமானது. சிசிலித் தீவின் எட்னா எரிமலையில், உயரத்தில் ஓர் இனமும் அடிவாரத்தில் இன்னோர் இனமுமாக இரண்டு செனசியோக்கள் வளர்கின்றன. அவை இணைந்து பிறந்த கலப்புச் செடிகளை 1700ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். ஆக்ஸ்ஃபர்டு தாவரவியல் தோட்டத்தில் வளர்ந்த அது 18ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் சுவர் தாண்டி ஊருக்குள் வந்துவிட்டது. 1844இல் ஆக்ஸ்ஃபர்டுக்கு ரயில் வந்தது. தண்டவாளத்தில் கொட்டியிருந்த கரிக்கழிவும் கல்லும், எட்னாவின் எரிமலைச் சரளை போலவே வெப்பமும் வறட்சியும் கொண்டவை. ஓடும் வண்டிகள் கிளப்பிய காற்றில் விதைகள் பறந்தன. தாவரவியலாளர் ட்ரூஸ், ஆக்ஸ்ஃபர்டில் ரயில் பெட்டிக்குள் புகுந்த விதைகள் பல மைல் தள்ளி வெளியே பறந்துபோனதைப் பார்த்து எழுதி வைத்தார். சில பத்தாண்டுகளில் அந்த மஞ்சள் பூ இங்கிலாந்தின் ரயில் பாதைகள் நெடுகப் பரவிவிட்டது.

தோட்டக்காரர் இதிலிருந்து இரண்டைக் கற்க வேண்டும். இப்பேரினத்தின் பல செடிகள் தளர்ந்த கல் மண்ணை விரும்புகின்றன என்பது ஒன்று. தோட்டத்துக்குள் வந்த செடி தோட்டத்தோடு நின்றுவிடும் என்று நம்பக் கூடாது என்பது மற்றொன்று. தென்னாப்பிரிக்கா, மடகாஸ்கர் பகுதிகளிலிருந்து ஆஸ்திரேலியா சேர்ந்த ஒரு செனசியோ இன்று அங்கே மேய்ச்சல் நிலங்களைக் கெடுக்கும் களையாக இருக்கிறது. ஆகவே வெளிநாட்டு ராக்வொர்ட் விதைகளை வரவழைத்து விதைக்கவே கூடாது. மும்பையில் வளர்ப்பதற்கு மும்பை மலைகளின் சோன்கி போதும்.

பூவைப் பிரித்துப் பார்த்தால்

ஒரு சோன்கிப் பூவைக் கிள்ளி, வெள்ளைத் தாளில் வைத்து, ஊசியும் கைலென்ஸும் கொண்டு பிரித்துப் பாருங்கள். ஒரு பூ என்று நாம் எண்ணுவது உண்மையில் பல பூக்களின் கூட்டம். சூரியகாந்தி, சாமந்தி, துலுக்க சாமந்தி எல்லாம் இதே குடும்பம்; இவற்றிலும் இதே கட்டுமானம்தான். ஓரத்தில் மஞ்சள் இதழ்போல நீண்டிருக்கும் ஒவ்வொன்றும் தனிப் பெண் பூ. நடுவட்டில் நெருக்கமாக நிற்கும் சிறு குழாய்கள் ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணும் சேர்ந்த முழுப் பூ.

நடுவிலிருந்து ஒரு குழாயைப் பிடுங்கி லென்ஸின் கீழ் வையுங்கள். மகரந்தப் பைகள் ஒன்றோடொன்று ஒட்டி ஓர் உறையாகச் சூல்தண்டைச் சுற்றி நிற்கும். மகரந்தம் அந்த உறையின் உட்பக்கம் உதிர்கிறது. பிறகு சூல்தண்டு கீழிருந்து வளர்ந்து, துப்பாக்கிக் குழலைத் துடைக்கும் தூரிகை போல, மகரந்தத்தை வெளியே தள்ளிக்கொண்டு வருகிறது. வந்திறங்கும் தேனீயின் வயிற்றில் அது ஒட்டுகிறது. அந்த வேலை முடிந்த பிறகுதான் சூல்தண்டின் நுனி இரண்டாகப் பிரிந்து, வேறு பூவின் மகரந்தத்தை ஏற்கத் தயாராகிறது. முதலில் கொடை, பிறகு வரவு. சொந்த மகரந்தம் சொந்தச் சூலில் சேராமலிருக்க இது ஓர் ஏற்பாடு. எட்னாவிலிருந்து வந்த அந்த ஆக்ஸ்ஃபர்டு செடி, தன் மகரந்தத்தை ஏற்கவே மறுக்கும் இயல்புடையது. இப்பேரினத்தில் இத்தகைய இயல்பு இருப்பதால் ஒற்றைச் செடி வளர்ப்பதைவிட ஐந்தாறு செடிகளைச் சேர்த்து வளர்ப்பதே விதை பிடிக்க நல்ல வழி.

இப்போது பூத்தலையைக் கவிழ்த்து அடிப்பக்கம் பாருங்கள். பச்சைச் செதில்கள் ஒரே உயரத்தில், ஒரே வரிசையில், வேலி அடைத்ததுபோல நிற்கும். அடியில் ஓரிரண்டு குட்டிச் செதில்கள் இருக்கலாம். செனசியோவை அடையாளம் காண இந்த ஒற்றை வரிசை முக்கியமான குறி. இலைகள் தண்டில் மாறி மாறி அமைந்திருக்கும். ஓரங்களில் பற்கள் இருக்கும். நடுப்பூக்கள் முதிர்ந்து விதையாகும்போது உச்சியில் வெண்பட்டு இழைகள் விரியும்.

தமிழர்கள் இதைக் கவனித்தே ஆக வேண்டிய காரணம் ஒன்றுண்டு. மஞ்சள் கரிசலாங்கண்ணியை நாம் கீரையாகவும் மருந்தாகவும் பயன்படுத்துகிறோம். அதன் பூவும் மஞ்சள். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு வேறுபாடு தெரியாது. கரிசலாங்கண்ணியின் இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே நிற்கும், தொட்டால் சொரசொரக்கும், விதையில் பட்டு இழைகள் கிடையாது. மலைச்சரிவில் பூத்த எந்த மஞ்சள் பூச்செடியையும் கரிசலாங்கண்ணி என்று எண்ணிப் பறித்துச் சமைக்கக் கூடாது. ஏன் என்பதை அடுத்த பகுதி சொல்லும்.

வேரில் தயாராகும் நஞ்சு

செனசியோ பேரினச் செடிகள் பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற நச்சுப்பொருள் வகையைத் தயாரிப்பவை. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹார்ட்மனும் அவருடைய குழுவினரும் கிரவுண்ட்செல் செடியை வைத்து இதன் பாதையைத் துலக்கினார்கள். நஞ்சின் அடிப்படைச் சேர்மம் வேரில் உருவாகிறது. சர்க்கரையைக் கடத்தும் அதே குழாய்கள் வழியாக அது மேலேறுகிறது. மிகுதியாகச் சேரும் இடம் பூத்தலை. செடி தன் அடுத்த தலைமுறையை வைத்திருக்கும் இடத்துக்கே காவல் பலமாக அமைகிறது.

செடிக்குள் இருக்கும்போது இது பெரும்பாலும் தீங்கற்ற வடிவத்தில் இருக்கும். ஆடோ மாடோ மனிதரோ தின்றால், குடலில் வடிவம் மாறி ரத்தத்தில் சேர்ந்து கல்லீரலை அடைகிறது. நச்சுகளை முறிப்பதற்கென்று கல்லீரலில் உள்ள நொதிகளே இதை மேலும் கொடிய பொருளாக மாற்றிவிடுகின்றன. அது கல்லீரல் செல்களின் டிஎன்ஏவையும் புரதங்களையும் பற்றிக்கொள்கிறது. கல்லீரலின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் அடைபடுகின்றன. வயிற்றில் நீர் கோத்துக்கொள்கிறது. ஒரு நாளில் தெரியும் பாதிப்பு அல்ல. சிறுகச் சிறுகச் சேர்ந்து வெளிப்படுவது.

இந்தியாவில் இதற்கு ஒரு துயரமான சான்று உண்டு. 1970களில், அன்று மத்தியப் பிரதேசத்திலும் இன்று சத்தீஸ்கரிலும் உள்ள சர்குஜா மாவட்டத்தின் சில கிராமங்களில், மக்களுக்குத் திடீரென்று வயிறு வீங்கிக் கல்லீரல் பெருத்தது. பாதிக்கப்பட்ட 67 பேரில் 28 பேர் இறந்தார்கள். தில்லி எய்ம்ஸ் மருத்துவர் பி. என். டாண்டன் குழு ஆராய்ந்து 1976இல் லான்செட் இதழில் எழுதியது. அவர்கள் உண்ட சாமையோடு கிலுகிலுப்பை இனச் செடி ஒன்றின் விதைகள் கலந்திருந்தன. கிலுகிலுப்பை வேறு குடும்பத்தைச் சேர்ந்தது என்றாலும் அதில் இருப்பதும் இதே வகை ஆல்கலாய்டு. அறுவடையில் கலந்த களை விதையைப் பொறுக்கி எடுக்க முடியாமல் போன ஏழைக் குடும்பங்கள்தான் அதற்கு விலை கொடுத்தன.

இதே நஞ்சை நாடி வருகிறவர்களும் இருக்கிறார்கள். எருக்கஞ்செடியில் முட்டையிடும் வெந்தய வரியன், மழைக்காலத்தையொட்டிக் கூட்டமாகப் பறக்கும் நீல வரியன் ஆகியவற்றின் குடும்பத்து ஆண் பட்டாம்பூச்சிகள், இந்த ஆல்கலாய்டுள்ள செடிகளின் பூவிலும் காய்ந்த தண்டிலும் வந்தமர்ந்து உறிஞ்சும். உள்ளே போன பொருளிலிருந்து, பெண்ணைக் கவரும் மணப்பொருளை அவை தயாரித்துக்கொள்கின்றன. அதே பொருள் எதிரிகளிடமிருந்து அவற்றைக் காக்கவும் செய்கிறது. ஐரோப்பாவில் சினபார் என்ற சிவப்பும் கறுப்புமான அந்துப்பூச்சியின் புழுக்கள் ராக்வொர்ட் இலையைத் தின்றே நஞ்சேறிப் பறவைகளிடமிருந்து தப்பிக்கின்றன. ஒரே மூலக்கூறு மாட்டுக்கு எமனாகவும் பட்டாம்பூச்சிக்குச் சீதனமாகவும் இருக்கிறது.

ஆகவே சோன்கியை வளர்ப்பவர்கள், பேரினத்துக்கு உரிய நஞ்சு இதிலும் உண்டு என்று வைத்துக்கொண்டே பழக வேண்டும். தவழும் குழந்தையும் ஆடும் எட்டும் இடத்தில் தொட்டியை வைக்காதீர்கள். தொட்டுக் கிள்ளிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கோயில் வாசலில் பசுவுக்குப் புல் வாங்கிக் கொடுக்கும் வழக்கம் மும்பையில் பரவலாக உண்டு. அந்தக் கட்டோடு வீட்டுச் செடிக் கழிவைச் சேர்த்துவிடாதீர்கள். காய்ந்த ராக்வொர்ட்டில் கசப்பு குறைந்துவிடும், நஞ்சு குறையாது. பச்சையில் ஒதுக்கும் மாடு வைக்கோலில் கலந்தால் தின்றுவிடும். இன்னொன்று, பலரும் அறியாதது. பிரவுன்ஷ்வைக் ஆய்வாளர்களே பிற்காலத்தில் காட்டியது இது: ராக்வொர்ட் மக்கும் மண்ணிலிருந்து பக்கத்தில் வளரும் மூலிகைச் செடிகள் இந்த ஆல்கலாய்டை வேர்வழியே உறிஞ்சிக்கொள்கின்றன. சோன்கித் தொட்டியில் கீரை, துளசி, கற்பூரவல்லி, புதினா எதையும் சேர்த்து நடக் கூடாது. அந்த மண்ணைப் பிறகு காய்கறித் தொட்டிக்கு மாற்றவும் கூடாது.

தொட்டியில் ஒரு மலைச்சரிவு

விதை எங்கிருந்து? தேசியப் பூங்காவிலிருந்து எடுப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2012இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்ட மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் ஒன்று காஸ். அங்கும் கை வைக்கக் கூடாது. கர்ஜத், பட்லாபூர் பக்கம் தெரிந்தவர்களின் நிலத்தில் செடி இருந்தால், அவர்களிடம் கேட்டு, அக்டோபர் இறுதியில் செடிக்கு ஒரு தலை வீதம் பத்துச் செடிகளில் எடுத்துக்கொள்ளலாம். ஒரு தலையிலேயே பல விதைகள் இருக்கும். வேரோடு பிடுங்கி வருவது வீண். பூத்த ஓராண்டுச் செடி பிடுங்கிய சில நாளில் வாடிவிடும்.

தொட்டிக்குத் தாராவிக்கே போகலாம். 90 அடி சாலையை ஒட்டிய கும்பார்வாடாவில் சௌராஷ்டிரத்திலிருந்து வந்து குடியேறிய குயவர் குடும்பங்கள் தலைமுறைகளாகச் சுடுமண் பாத்திரங்கள் வனைகின்றன. சுடுமண் தொட்டியின் சுவர் வழியே ஈரம் ஆவியாகும். வேருக்குக் காற்று கிடைக்கும். மலைச்சரிவின் இயல்புக்கு பிளாஸ்டிக் தொட்டியைவிட இது பொருத்தம். உயரமான தொட்டி வேண்டாம். ஒரு சாண் ஆழமும் அகன்ற வாயும் போதும். அடியில் ஒற்றைத் துளைக்குப் பதில் நான்கைந்து துளைகள் கேட்டு வாங்குங்கள். 2005 ஜூலை 26 அன்று ஒரே நாளில் சாந்தாகுருஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய நாள் அபூர்வம்தான். ஆனால் ஜூலை மாதத்தின் சாதாரண மழையே, துளை அடைபட்ட தொட்டியை ஒரு மாலைக்குள் குளமாக்கிவிடும்.

மண் கலவை இப்படி: நர்சரியில் கிடைக்கும் செம்மண் இரண்டு பங்கு, பொடிக் கருங்கல் ஜல்லி ஒரு பங்கு, மக்கிய உரம் அரைப் பங்கு. தேங்காய் நார்த்தூள் சேர்க்காதீர்கள். ஈரத்தைப் பிடித்து வைப்பது அதன் குணம். மும்பையின் மழையில் அது வேரழுகலுக்கு வழி. மாதாமாதம் உரம் போடும் பழக்கமும் இங்கே வேண்டாம். நைட்ரஜன் மிகுந்தால் தண்டு கொழுத்துச் சாயும், இலை பெருக்கும், பூ குறையும்.

விதைப்பதற்கு ஜூன் இரண்டாவது வாரம் சரியான காலம். மும்பையில் பருவமழை தொடங்கும் வழக்கமான நாட்கள் அவைதான். இரண்டொரு நல்ல மழை பெய்து மண் குளிர்ந்த பிறகு விதைகளை மேற்பரப்பில் தூவி, உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். மூடிப் புதைக்காதீர்கள். ஐரோப்பிய ராக்வொர்ட்டில் விதை முளைக்க வெளிச்சம் தூண்டுகோல் என்பது அறியப்பட்டது. இவ்வளவு நுண்ணிய விதைக்கு மண்ணைத் துளைத்து மேலேற ஊட்டமும் போதாது. கனமழை விதையைத் தெறித்து விடாமல் முதல் வாரம் மட்டும் தொட்டியின் மேல் பழைய கொசுவலைத் துண்டைக் கட்டி வைக்கலாம்.

நாற்றுகள் நான்கு இலை விட்டதும் மிகையானவற்றைக் களையுங்கள். பத்து அங்குல அகலத் தொட்டியில் ஐந்து செடிக்கு மேல் வேண்டாம். நெருக்கமாக விட்டால் காற்றோட்டம் குறைந்து நாற்றழுகல் வரும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் கறுத்துச் சுருங்கி நாற்று சாய்வதுதான் அதன் அறிகுறி. சாய்ந்ததை உடனே எடுத்துவிட்டு, மேல்மண்ணில் கொஞ்சம் கல்பொடி தூவினால் பரவுவது மட்டுப்படும்.

வெளிச்சம்தான் நகர வீட்டில் பெரிய சிக்கல். மாட்டுங்காவின் பழைய மூன்று மாடிக் கட்டடங்களில் மரநிழல். செம்பூரின் புதிய அடுக்குமாடிகளில் எதிர்க் கட்டடத்தின் நிழல். தாராவியின் சந்துகளில் வானமே ஒரு கீற்றுதான். சோன்கிக்குத் திறந்த வானம் வேண்டும். ஜன்னல் கிரில்லின் வெளி விளிம்பு, மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவர் ஓரம், மாடி ரூமுக்கு ஏறும் இரும்புப் படிக்கட்டின் மேல் தட்டு ஆகியவை ஏற்ற இடங்கள். நிழலில் வைத்தால் செடி ஒல்லியாக நீண்டு, வெளிச்சம் தேடிச் சாயும். வெளியே வைத்த தொட்டியைக் கம்பியால் கட்டுவது கட்டாயம். கீழே ஆள் நடமாட்டம் உள்ள நகரம் இது.

ஜூலையில் தண்ணீர் ஊற்றவே தேவையில்லை. ஆகஸ்டில் மழை சில நாள் இடைவெளி விடும்போது மட்டும், மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்திருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்து ஊற்றுங்கள். அசுவினி மொட்டுகளில் மொய்த்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினாலே போகும். இலைக்குள் வெள்ளைக் கோடு கிழித்துப் போகும் புழு இருந்தால் அந்த இலையைக் கிள்ளி எறிந்தால் போதும். பூக்கும் காலத்தில் எந்த மருந்தும் தெளிக்காதீர்கள். வேப்பெண்ணெய்க் கரைசல்கூட நேரடியாகப் பட்டால் தேனீக்குக் கெடுதல்.

செப்டம்பரில் தொட்டி மஞ்சளாகும். அக்டோபரில் மும்பையின் இரண்டாவது கோடை தொடங்கும். கீழ் இலைகள் பழுக்கும், தண்டு விறைக்கும். பல வீடுகளில் இந்தக் கட்டத்தில்தான் பரிவு தவறான வழியில் போகிறது. செடி வாடுகிறதே என்று காலையும் மாலையும் ஊற்றுகிறார்கள். விதை முதிர வேண்டிய தலையில் பூசணம் பிடிக்கிறது. அக்டோபர் நடுவில் தண்ணீரை நிறுத்திவிடுங்கள். அந்த வாட்டம் நோயல்ல. இலையில் இருந்த சத்தைச் செடி விதைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறது.

விதையைக் காப்பது

தலை விரிந்து வெண்பட்டுப் பந்தாகும் நாளுக்கு முந்தைய நாள் பறிக்க வேண்டும். பச்சைச் செதில்கள் பழுப்பாகி, நுனியில் வெள்ளை எட்டிப் பார்க்கும் நிலை அது. ஒரு நாள் தாமதித்தால் கடல்காற்று கொண்டுபோய்விடும். பறித்த தலைகளைக் காகித உறையில் போட்டு நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, பட்டு இழைகளைத் தேய்த்து நீக்கி, காற்றுப் புகாத சிறு டப்பாவில் வையுங்கள். மும்பையில் விதைக்கு முதல் எதிரி ஈரக்காற்று. விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறையும்போதெல்லாம் அதன் ஆயுள் இரட்டிக்கும் என்பது விதை அறிவியலில் ஹாரிங்டன் வகுத்த விதி. மருந்துப் புட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றை டப்பாவில் போட்டு வைத்தால் போதும். அடுத்த ஜூனில் விதைக்கப் போவதை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம். கோடை முழுவதும் காய்ந்து கிடந்த பிறகு நன்றாக முளைப்பது மழைக்கால ஓராண்டுச் செடிகளில் பரவலாகக் காணும் இயல்பு.

இப்படி ஒரு பிடி விதை எடுத்து வைப்பதற்கு எவ்வளவு பொருள் உண்டு என்பதற்கு இப்பேரினத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. ரயிலேறிப் பரவிய ஆக்ஸ்ஃபர்டு செடி இங்கிலாந்தின் கிரவுண்ட்செல்லோடு இணைந்ததில், யார்க் நகர ரயில் நிலையத்தின் வாகன நிறுத்தத்தை ஒட்டி ஒரு புத்தம்புதிய இனம் பிறந்தது. 1979இல் கண்டெடுத்தார்கள். களைக்கொல்லி தெளித்ததாலும் இடம் மாறியதாலும் 1991க்குப் பிறகு அதைக் காணவில்லை. உலகில் வேறெங்கும் அது கிடையாது. ஆனால் ஆய்வாளர்கள் அதற்குள் விதை சேகரித்திருந்தார்கள். அது பின்னர் கியூ தோட்டத்தின் மில்லினியம் விதை வங்கியில் சேர்ந்தது. செடி மறைந்து சுமார் 30 ஆண்டுகளுக்குப் பிறகு அவ்விதைகளை எடுத்து முளைக்க வைத்து, 2023இல் யார்க் நகர மண்ணிலேயே மறுபடியும் விதைத்தார்கள். அந்தச் செடி மீண்டும் பூத்தது.

சோன்கி அழியும் நிலையில் இல்லை. மலையில் இன்று ஏராளம். ஆனாலும் நம் நகரத்தைச் சுற்றிய சரிவுகள் ஆண்டுதோறும் கட்டடங்களுக்கும் சாலைகளுக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. சிதைந்ததைத் திரும்ப உயிர்ப்பிக்க முடியும் என்பதற்குத் தாராவியை ஒட்டி, மித்தி ஆற்றின் கரையில் உள்ள மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவே எடுத்துக்காட்டு. முன்பு 37 ஏக்கர் குப்பைமேடு அது. 1983இல் பறவையியலாளர் சாலிம் அலி அங்கே மரக்கன்று நட்டார். 1994இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். இன்று அது ஒரு காடு. மரங்களுக்கு அப்படி ஒரு முயற்சி நடந்தது. மழைக்காலச் சிறு செடிகளுக்கும் அந்தக் கவனம் தேவை. அவற்றை வளர்க்க ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டாம், ஒரு மண் தொட்டி போதும்.

விதை மிஞ்சினால் அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுங்கள். ஊருக்குப் போகும்போது திருநெல்வேலிக்கோ ஊட்டிக்கோ எடுத்துப் போகாதீர்கள். சஹ்யாத்ரியின் செடி சஹ்யாத்ரி மழையிலேயே இருக்கட்டும். நீலகிரிப் புல்வெளிகள் ஏற்கனவே வந்தேறிச் செடிகளால் போதுமான துன்பம் பட்டுவிட்டன.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தொட்டியின் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். விதைத்த நாள், முதல் முளை, முதல் பூ, முதல் விதை, கடைசி மழை ஆகிய ஐந்து தேதிகளை ஒவ்வோர் ஆண்டும் எழுதுங்கள். பருவமழை வரும் நாளும் நிற்கும் நாளும் கலைந்துவரும் காலம் இது. மழையையே கடிகாரமாகக் கொண்டு வாழும் ஓராண்டுச் செடி அந்த மாற்றத்தைத் தன் முளையிலும் பூவிலும் பதிவு செய்யும். செம்பூரிலோ மாட்டுங்காவிலோ ஒரு வீட்டில் பத்தாண்டு தொடர்ந்து எழுதிய அத்தகைய குறிப்பு, எந்த ஆய்வாளரும் நன்றியோடு வாங்கிப் படிக்கும் ஆவணமாக இருக்கும். அதற்கு வேண்டிய கருவிகள் ஒரு தொட்டி மண்ணும் ஒரு சிட்டிகை விதையும் ஒரு பேனாவும் மட்டுமே. வரும் ஜூனில் தொடங்கலாம்.